டிபன் டப்பாவில் வந்த இலை

கல்லூரியில் எல்லோரும் அவரைப் பசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தாவரவியல் துறையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத இரண்டு அறைகளில், முப்பத்தோராயிரம் காய்ந்த செடிகள் இரும்பு பீரோக்களுக்குள் தாள் தாளாகப் படுத்திருந்தன. மாணவர்கள் மேட்டிலும் ஓடைக்கரையிலும் பறித்து வருகிற செடிகளை அழுத்தி, உலர்த்தி, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, தண்டு பருமனாக இருந்தால் நூல் போட்டுத் தைத்து, வலது கீழ் மூலையில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எந்தச் செடி என்று சொல்வது பேராசிரியர் பாடு, ஒட்டுவது இவர் பாடு. அந்தக் கோட்டை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. தாண்டப் பயம்.

பயம் அவரோடு கூடப் பிறந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். லிப்ட்டில் ஏற மாட்டார். அரசு முத்திரை போட்ட உறை வந்தால் மனைவிதான் பிரிக்க வேண்டும். ஒருமுறை ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதற்கு, "இவ்வளவு சரியா இருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டவர். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "இவருக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, ஏன் கிடைக்கலைன்னு பயப்படுவார்" என்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் தலையில்தான் அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் அச்சடித்தார்கள். நாலாக மடித்த வழவழப்பான காகிதம். 'நம்மைச் சுற்றி நலம்' என்று தலைப்பு. யாரும் விதைக்காமல் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் முளைக்கிற பத்துச் செடிகளைப் பற்றி பேராசிரியர் எழுதியிருந்தார். மாடியில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. செடியின் சாற்றை அதில் சொட்டினால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு சீக்கிரம் மங்குகிறதோ அந்தச் செடியில் அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று அர்த்தம். "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நம்ம உடம்புக்குள்ள ஓயாம ஒண்ணு நடக்குதுய்யா. இந்த இலைங்க அதுக்குக் குறுக்க நிக்குது" என்று பேராசிரியர் பசைக்காரருக்கு விளக்கியிருக்கிறார். பத்தில் முதல் இடம் முரட்டிலைக்கு. சொரசொரவென்று மயிர் படர்ந்த அகலமான இலை. வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ருசிக்கும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

படங்களுக்கான தாள்களை எடுத்துக் கொடுத்தது பசைக்காரர். பேராசிரியர் சொன்னது "பூ இருக்கிற தாளா எடுங்க" என்று. முரட்டிலையின் பூத் தாளைப் பூச்சி அரித்திருந்தது. பூச்சி விழுந்ததைச் சொன்னால் திட்டு விழுமோ என்று, பூ இல்லாத, இலை மட்டும் உள்ள ஒரு புதிய தாளை எடுத்து நீட்டிவிட்டார். அந்த வாரம் மனைவிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. அவர் கை இங்கேயும் மனசு ஆஸ்பத்திரியிலேயும் இருந்தது. பேராசிரியரும் அவசரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாயிரம் பிரதிகள் அச்சாகி நூலகம், மருந்துக்கடை, பேருந்து நிலையம் என்று போய்ச் சேர்ந்தன. மனைவியே ஐம்பது வாங்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கீழ்த்தளத்துத் தொலைபேசி அடித்தது. அது அடித்து மாதக்கணக்காகியிருந்தது. பசைக்காரர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நாலாவது மணிக்கு எடுத்தார்.

"செடிகளோட மியூசியமா?" ஒரு பெண் குரல். "நான் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு டாக்டர். அறுபத்தேழு வயசுக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறு. விடாம வாந்தி. பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்கிறார். உங்க நோட்டீஸப் பார்த்து ஏதோ இலையைக் கொதிக்க வெச்சு ஒரு வாரமா குடிச்சிருக்கார். உங்க பேராசிரியரக் குடுங்க."

பசைக்காரர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார் ஊர்ல இல்லைங்க மேடம். மாநாட்டுக்குப் போறார். விமானத்துல இருக்கார். ராத்திரிதான் இறங்குவார்."

"வேற யார் இருக்கா?"

"வேற யாரும்... லீவு மேடம். பரீட்சை முடிஞ்சு லீவு."

"நீங்க யாரு?"

"நான் செடி ஒட்டுறவன் மேடம். ஒட்டுறது மட்டும்தான்."

"ஒட்டுறதுக்கு முன்னாடி பார்ப்பீங்கல்ல?"

டாக்டரே தொடர்ந்தாள். "கேளுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. மணிப்பூச்செடின்னு ஒண்ணு இருக்காமே, இதயத்தைக் கட்டிப்போடுற விஷம். அதுவா இருந்தா அதுக்கு எதிர்மருந்து இருக்கு. ஆனா அது பக்கத்து நகரத்துல ஒரே ஒரு ஆஸ்பத்திரியிலதான் இருக்கு, அதுவும் ஒரே ஒரு ஆளுக்குப் போதுற அளவு. செடி எதுன்னு உறுதியாச் சொல்லாம அனுப்ப மாட்டாங்க. ரத்தப் பரிசோதனை முடிவு வர சாயங்காலம் ஆகும். அவர் சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரான்னு எனக்குத் தெரியல. அவர் குடிச்ச கஷாயத்தோட சக்கையை அவர் பொண்ணு எடுத்துட்டு உங்ககிட்ட கிளம்பிட்டாங்க. பார்த்துச் சொல்லுங்க."

"மேடம், வெந்த இலையை வெச்சு நான் எப்படி..."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

மணிப்பூச்செடி. பசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். அந்தச் செடி அவருக்குத் தெரியும். பூத்துவிட்டால் ஒரு குழந்தைகூட அடையாளம் சொல்லும், தண்டு நெடுக மணி மணியாகத் தொங்கும். பூக்காதவரை வெறும் மயிர் படர்ந்த அகல இலைகள். முரட்டிலையும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் மாதிரி இருக்கும். அந்த மணிப்பூ இலையிலிருந்தே இதயக்காரர்களுக்கு மாத்திரை செய்த காலமும் உண்டு. மாத்திரை அளந்து கொடுப்பது. கஷாயத்தை யார் அளப்பார்கள்? மாடியில் ஒருநாள் மாணவி ஒருத்தி விளையாட்டாக அதன் சாற்றையும் ஊதாக் கரைசலில் சொட்டியது அவர் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு நிமிஷத்தில் மஞ்சளானது. அந்தக் கரைசலுக்கு மருந்தும் விஷமும் ஒன்றுதான்.

அப்போதுதான் இன்னொரு நினைப்பு வந்தது. மனைவியின் அறுவை சிகிச்சை நடந்த அந்த வாரம், மாணவர்கள் ஒரே வாய்க்கால் கரையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கட்டுகள் மேசைமேல் சீட்டில்லாமல் கிடந்தன. ஒன்று முரட்டிலை. ஒன்று மணிப்பூ. இரண்டிலும் பூ இல்லை. அவர்தான் இரண்டுக்கும் சீட்டு ஒட்டினார். மாற்றி ஒட்டியிருந்தால்? நோட்டீஸில் இருப்பதே விஷச் செடியின் படமாக இருந்தால்? இரண்டாயிரம் பிரதிகள்.

வாசலில் செருப்புச் சத்தம். முப்பது வயதுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க நின்றாள். முடிதிருத்தும் நிலையத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். கறுப்பு ஏப்ரனில் யாருடையதோ வெட்டின முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் அந்த நோட்டீஸ்.

"சார், நீங்கதானா? இந்தாங்க." டப்பாவை மேசைமேல் வைத்தாள். "அப்பா இந்த நோட்டீஸ பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தார் சார். லிப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். கூட வேலை பார்த்த சிநேகிதர் போன வருஷம் புத்துநோயில போயிட்டார். அன்னையிலேர்ந்து சாவுன்னா ஒரே பயம். எதைப் பார்த்தாலும் இது உடம்புக்கு நல்லதா கெட்டதான்னு கேட்டுக்கிட்டே இருப்பார். இது வந்ததும் சாமி வரம் குடுத்த மாதிரி பிடிச்சிக்கிட்டார். ரயில்வே லைனுக்குப் பின்னால வாய்க்கால்ல போய்ப் பறிச்சு..."

"ஒரு நிமிஷம்மா" என்றார் பசைக்காரர்.

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. உள் அறைக்குப் போனார். பதினேழாம் பீரோவைத் திறந்து, நோட்டீஸுக்குக் கொடுத்த அந்தத் தாளை உருவினார். விளக்கைக் கிட்டே இழுத்து லென்ஸை வைத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இலையின் ஓரம் வெட்டினாற்போல வழவழவென்று ஓடியது. மயிர்கள் முள் மாதிரி விறைத்து நின்றன. மணிப்பூ என்றால் ஓரத்தில் பற்கள் இருக்கும். முரட்டிலைதான். நம்பிக்கை வராமல் இன்னொரு இலையைப் பார்த்தார். அதுவும் அதுதான். சீட்டு சரி. மாற்றவில்லை.

'அப்பாடா' என்று நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. இறங்கின அடுத்த கணமே, வெளியே ஒரு பெண் டப்பாவோடு நிற்பதும், அவள் அப்பாவின் நாடி முப்பத்தாறு என்பதும் உறைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள நாலு நிமிஷம் செலவழித்திருக்கிறார். அந்த நாலு நிமிஷம் பிறகு வெகுகாலம் அவரைத் தூங்கவிடவில்லை.

ஓடிவந்து டப்பாவைத் திறந்தார். கரும்பச்சையாய், பிசுபிசுவென்று, பிழிந்துபோட்ட துணி மாதிரி ஒரு உருண்டை. வேறொருவர் என்றால் முகத்தைச் சுளித்து மூடியிருப்பார். ஆனால் சுருண்ட இலையை விரிப்பது பசைக்காரரின் அன்றாட வேலை. வெள்ளைப் பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு துணுக்கைக் கிள்ளி மிதக்கவிட்டு, மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தார். தண்ணீருக்குள் இலை மெதுவாக விரிந்தது. அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து அப்படியே தூக்கினார். லென்ஸ்.

ஓரம் வழவழ. மயிர் வெந்து படிந்திருந்தாலும் அது முளைத்த இடத்துப் புள்ளி தெரிந்தது. முரட்டிலை.

"நல்ல செடிதான்மா!" அவர் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. "நோட்டீஸ்ல இருக்கிற அதே செடி. இது விஷம் இல்ல."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அவர் தொலைபேசியை எடுத்து, நோட்டீஸின் ஓரத்தில் அவள் குறித்து வைத்திருந்த ஆஸ்பத்திரி எண்ணை நாலு இலக்கம் வரை சுழற்றிவிட்டார்.

"அப்ப எதுக்கு சார் இப்படி ஆச்சு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நான்தான் தினம் சொன்னேன், அவ்வளவு கசப்பை வம்படியா முழுங்காதீங்கப்பான்னு. அம்மா ஒரு வாய் வெச்சிட்டுத் துப்பிட்டாங்க. இவர்தான், கசந்தா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்னு மடமடன்னு குடிச்சிட்டார்."

சுழற்றிய விரல் நின்றது. "கசந்துதா?"

"பயங்கரக் கசப்பு சார்."

முரட்டிலை கசக்காது. வெள்ளரிப்பிஞ்சு. பசைக்காரர் தொலைபேசியை வைத்தார். இன்னும் மூன்று இலக்கம் சுழற்றியிருந்தால் அந்த மனிதரைத் தன் வாயாலேயே கொன்றிருப்பார்.

உருண்டை முழுவதையும் தண்ணீரில் போட்டார். ஒவ்வொரு துணுக்காகப் பிரித்தார். அந்தப் பெண்ணும் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரில் நின்றாள். முடி வெட்டுகிற கை, நடுக்கம் இல்லாத கை. அவர் சொல்லச் சொல்ல அவள் காகிதத்தை நுழைத்துத் தூக்கினாள். இரண்டாவது துணுக்கும் வழவழ. மூன்றாவதின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள், நுனி மழுங்கிய பற்கள், ரம்பம் தேய்ந்ததுபோல. நாலாவதிலும் பற்கள். ஐந்து, ஆறு, ஏழு. ஒன்பதாவது துணுக்கில் காம்போடு சேர்ந்த அடிப்பாகம் கிடைத்தது. நரம்புகள் இலையோடு நிற்காமல் காம்பின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி வழிந்து இறங்கியிருந்தன. மணிப்பூவின் காம்புதான் அப்படி இருக்கும். அவரே தன் கையால் எத்தனை தாளில் அந்தக் காம்பைத் தைத்திருக்கிறார்!

பதினைந்து துணுக்குகளில் இரண்டு முரட்டிலை, பதிமூன்று மணிப்பூ. ஒரே கரையில் கலந்து முளைத்ததை அந்த மனிதர் கலந்தே பறித்திருக்கிறார்.

டாக்டர் உடனே எடுத்தாள். "சொல்லுங்க."

"மணிப்பூச்செடி மேடம். கூட ரெண்டு இலை வேற. ஆனா மீதி அத்தனையும் மணிப்பூ."

"நிச்சயமா?"

"பயமா இருக்கு மேடம்."

"பயத்தை நான் கேக்கல. நிச்சயமான்னு கேட்டேன்."

அவர் தட்டைப் பார்த்தார். "நிச்சயம்" என்றார்.

"அப்ப ஒரு தாள்ல எழுதி, உங்க பேர் போட்டு, கையெழுத்து வெச்சு, அந்த இலையையும் உங்ககிட்ட இருக்கிற காய்ஞ்ச செடியையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் படம் எடுத்து அனுப்புங்க. அதைக் காட்டித்தான் நான் மருந்து கேக்கணும்."

எழுத்தில். பெயர் போட்டு. இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சீட்டிலும் அவர் பெயர் ஏறியதில்லை. தவறாகப் போனால் காவல் நிலையம், விசாரணை, வேலை, எல்லாம் கண்முன் ஓடியது. எழுதினார். எழுத்துகள் மழையில் நனைந்த எறும்புகள் மாதிரி கோணிக்கொண்டு போயின. கையெழுத்து வைக்கும்போது பேனா தாளைக் கிழித்தது. அந்தப் பெண் தன் மொபைலில் மூன்று படம் எடுத்து அனுப்பினாள்.

"நீங்களும் வாங்க சார். டாக்டர் இன்னும் ஏதாவது கேட்டா நான் என்ன சொல்வேன்?"

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனார். வேறொரு நாளாக இருந்தால் அந்த வேகத்தில் அலறியிருப்பார். அன்றைக்கு அந்தப் பயத்துக்கு இடமில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தார், மடியில் கணவரின் கண்ணாடியும் கைக்கடிகாரமும். இவரைப் பார்த்ததும் எழுந்தார். "டாக்டருங்களா?"

"இல்லைங்கம்மா. நான்... செடி ஒட்டுறவன்."

அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. புரியாமலேயே தலையாட்டி, நகர்ந்து இடம் கொடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையில் ஒரு பெரிய உடம்பு. தலைமாட்டில் கருவியில் பச்சை எண். முப்பத்து நாலு. அது முப்பத்து மூன்றாகும், பசைக்காரரின் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பற்றும். முப்பத்தைந்தாகும், விரல்கள் தளரும். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைக் கசக்கினால்கூட இவர் பதறி, "உங்களுக்கு ஏதாவது மஞ்சளாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, "இல்லப்பா. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார் அவர்.

ஒன்றரை மணிக்கு எண் முப்பதுக்குப் போயிற்று. உள்ளே நாலு பேர் ஓடினார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். அந்த அம்மா கைக்கடிகாரத்தை இறுக்கிப் பிடித்ததில் அதன் வார் உள்ளங்கையில் பதிந்துபோனது. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பசைக்காரர் மனசில் ஒரே ஒரு கேள்வி குடைந்தது. அந்தப் பதிமூன்றும் உண்மையில் பற்கள்தானா, வெந்ததில் ஓரம் கிழிந்து பல் மாதிரித் தெரிந்ததா? சொன்னது தப்பாக இருந்தால், வருகிற மருந்தும் வீண், போகிற நேரமும் வீண்.

திரை விலகியது. எண் முப்பத்து மூன்று.

இரண்டு நாற்பதுக்கு மருந்து வந்தது. சின்ன ஐஸ் பெட்டி. அவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்னப் பெட்டியா என்று தோன்றியது. சொட்டுச் சொட்டாக இறங்க அரை மணி நேரம். அதற்குப் பிறகும் வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நாலரைக்கு எண் நாற்பத்தொன்று. ஐந்தரைக்கு ஐம்பத்தெட்டு. டாக்டர் வெளியே வந்தாள். தொலைபேசிக் குரலைக் கேட்டு ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்திருந்தார். முப்பத்தைந்துகூட இருக்காது.

"செடி அதேதான். மருந்து கேக்குது" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க. இல்லைன்னா உங்களையும் இங்கயே படுக்க வெக்கணும்" என்றாள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாலு நிமிஷத்தையும் சொன்னார், பூச்சி அரித்த தாளையும் சொன்னார். எப்போதும் ஏதாவது கிண்டல் வைத்திருக்கிறவள் அன்று கிண்டல் செய்யவில்லை. கடைசியில், "நான் முப்பத்தெட்டு பேருக்குக் குடுத்திருக்கேங்க. பல்லு வலின்னு வந்தவங்ககிட்ட, 'இதப் படிங்க, உடம்புக்கு ரொம்ப நல்லது'ன்னு சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அவள் பயந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையிலேயே போய் நோயாளிகள் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

பேராசிரியர் ஊர் திரும்பியதும் பசைக்காரர் அவர் அறைக்குப் போய் நின்றார். "சார், நோட்டீஸத் திரும்ப வாங்கணும்."

"நோட்டீஸ்ல என்னய்யா தப்பு? செடி சரி, படம் சரி, ஆய்வும் சரி. அவர் வேற செடியப் பறிச்சா நாம என்ன பண்றது?"

"படம் தீப்பெட்டி அளவுல இருக்கு சார். அந்த அளவுல ஓரமும் தெரியாது, மயிரும் தெரியாது. பூ இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க பூத் தாள்தான் கேட்டீங்க. பூச்சி அரிச்சிருச்சு. சொல்லப் பயந்துகிட்டு இலைத் தாளைக் குடுத்துட்டேன்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பேராசிரியர் நோட்டீஸை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "புரூஃப் பார்த்தது நான்தானேய்யா" என்றார் மெதுவாக. "இதுமாதிரி இன்னொண்ணு இருக்கு, ஜாக்கிரதைன்னு ஒரு வரி எழுதத் தோணலையே. கரைசல் மஞ்சளாச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டேன்."

ஒரு மாதம் அலைந்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது பிரதிகளைத் திரும்ப வாங்கினார்கள். புதிய நோட்டீஸில் மணிப்பூவும் முரட்டிலையும் எதிரெதிராக, இலையின் ஓரம் உள்ளங்கை அளவு பெரிதாக, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையோடு வந்தன. இலை நல்லதுதான், ஆனால் தெரிந்தவர் பார்த்துச் சொல்லாமல் பறிக்காதீர்கள், ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள் என்றும் போட்டார்கள். பழையதில் அறுநூற்றறுபது எங்கே போயின என்று தெரியவில்லை. யாருடைய பிரிட்ஜ் கதவிலோ, யாருடைய மேஜை இழுப்பறையிலோ.

மெக்கானிக் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். பசைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார். மனிதர் இளைத்திருந்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தார். பசைக்காரர் தேநீரைத் தொடாமல் அந்த நாலு நிமிஷத்தைச் சொன்னார். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "லிப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கிறவனுக்கு நாலு நிமிஷம்கிறது கொஞ்ச நேரம் இல்ல" என்றார். "நானும் வெளிய நின்னு, இது என்னோட தப்பா, போன மாசம் நான் முடுக்கின போல்டான்னு யோசிச்சிருக்கேன். யோசிச்சிட்டுத்தான் கதவத் திறந்திருக்கேன்." பிறகு, "டீ ஆறுது" என்றார்.

மன்னித்தாரா இல்லையா என்று பசைக்காரருக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டார். "டீ குடுத்தாருல்ல, விடுங்க" என்றாள்.

அவருடைய பயம் குறையவில்லை, இன்னும் கூடியது. முன்பு தனக்காகப் பயந்தவர் இப்போது முகம் தெரியாத அறுநூற்றறுபது பேருக்காகப் பயந்தார். ஒவ்வொரு வருஷமும் இலை தளிர்த்துப் பூ வராத அந்த ஆறு வாரமும் ஞாயிறு காலையில் ரயில்வே லைனுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நடப்பார். சட்டைப்பையில் புதிய நோட்டீஸ்கள் இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் யாரும் வரவில்லை. இரண்டாம் வருஷம் மூன்றாவது ஞாயிறு, ஒரு நடுத்தர வயதுப் பெண் குனிந்து அகல இலைகளைக் கைநிறையப் பறித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பத்தடி தள்ளி நின்றார். தொண்டையைச் செருமினார். அவள் நிமிரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் சொன்னது. இன்னொரு கால் முன்னே போயிற்று.

"அம்மா, அது குடிக்கிறதுக்கா பறிக்கிறீங்க? அதுல விஷச் செடி கலந்திருக்கும்மா!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிக்கவா? எங்க முயலுக்குங்க."

"எத்தனை முயல்?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய் அவள் பையைப் பிடித்தார். சேற்றில் மண்டியிட்டு, பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு இலையின் ஓரத்தையும் விரலால் தடவித் தடவி இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தார்.